மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளின் வெளிறல் வரலாறு

மதுரைக்குத் தெற்கே திருமங்கலம் வழியாக ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணல்வெளியாகவே கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுகளில் ஓடைகளாகத் தொடங்கி, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வட்டாரங்களைக் கடந்து, இராமநாதபுரம் மாவட்டம் மூக்கையூர் அருகே அது கடலில் சேர்கிறது. அந்தக் கடல் மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கரையை ஒட்டிச் சங்கிலிபோல் அமைந்த சிறு தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் அங்கேதான் இருக்கின்றன. இந்தப் பாறைகள் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கோடை வெப்பத்தால் பெருமளவில் வெளிறின. வெளிறியவற்றில் ஒரு பகுதி மீண்டது, ஒரு பகுதி மடிந்தது. எது மீண்டது, எது மடிந்தது, ஏன் என்பதே இந்தப் பாறைகளின் அண்மைக்கால வரலாறு.

பவளமும் பவளப்பாறையும்

பவளம் என்றதும் நகைக்கடைச் சிவப்பு மணிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். சங்கப் பாடல்களில் துகிர் என்று சொல்லப்படுவதும் அதுவே. அந்தச் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலைச் சேர்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ் என்ற கிரேக்க நூல், இந்தியத் துறைமுகங்களில் வந்து இறங்கிய சரக்குகளுள் ஒன்றாகப் பவளத்தைக் குறிப்பிடுகிறது. மன்னார் வளைகுடாவில் பாறை கட்டும் பவளம் வேறு இனம். வெட்டி எடுத்து உலர்த்தினால் அது வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லாகும். முருகைக்கல் என்ற பழைய சொல் இதைக் குறிக்கும். கடலடியில் மேடாக இருக்கும் பாறைப் பகுதியை இப்பகுதி மீனவர் பார் என்பர். முத்துக் குளித்த இடங்கள் முத்துப்பார் எனப்பட்டதும் இதனால்தான்.

பாறை என்ற சொல்லும் ஓரளவு தவறான எண்ணத்தைத் தரக்கூடியது. மேற்பரப்பில் மெல்லிய தோல்போல் படர்ந்திருக்கும் உயிரிகளே பவளம். பாலிப் எனப்படும் இச்சிற்றுயிர்கள் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். வாயைச் சுற்றி உணர்கொம்புகள் கொண்ட இவை கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு அடியில் கூடு கட்டிக்கொள்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்ட கூடுகளின் குவியலே பாறை. அதன் உட்பகுதி முழுவதும் உயிரற்றது. உயிர் இருப்பது மேல்தோலில் மட்டுமே.

அந்தத் தோலுக்குள் இன்னோர் உயிரும் குடியிருக்கிறது. சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் பாலிப்பின் செல்களுக்குள் தங்கி, சூரிய ஒளியில் உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. பவளத்தின் ஆற்றல் தேவையில் தொண்ணூறு விழுக்காடு வரைகூட இந்தப் பாசிகளிடமிருந்து கிடைப்பதுண்டு. பதிலுக்குப் பாசிக்குத் தங்க இடமும், பவளத்தின் கழிவிலிருந்து உரமும் கிடைக்கின்றன. பவளத்தின் பழுப்பு, பச்சை நிறங்களுக்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் பாசிகளே. நகைக்கடைச் சிவப்புப் பவளத்தில் இப்பாசி கிடையாது.

வெளிறல் நிகழும் விதம்

கடல்நீர் அந்த இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடி, அப்படியே சில வாரம் நீடித்தால் போதும், பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதடைகிறது. வெயில் விழுந்துகொண்டே இருக்கும், உள்வாங்கிய ஒளியைப் பாசியால் உணவாக மாற்ற முடியாது. மிஞ்சிய ஆற்றல் செல்லுக்கு நஞ்சான ஆக்சிசன் சேர்மங்களாக மாறும். அதுவரை சோறு போட்ட பாசி அதற்குப் பின் பவளத்துக்குக் கேடாகிறது. பவளம் அதை வெளியேற்றுகிறது. பாசி போனபின் தோல் கண்ணாடிபோல் ஆகி, கீழே உள்ள சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. இதுவே வெளிறல்.

வெளிறிய பவளம் செத்த பவளம் அல்ல. செய்திகளில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாக்கப்படுவதால் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. வெளிறிய பவளம் பட்டினி கிடக்கும் பவளம். உடலில் சேமித்த கொழுப்பைக் கரைத்தும், உணர்கொம்புகளால் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடித்தும் சில வாரங்கள் அது தாக்குப்பிடிக்கும். அதற்குள் நீர் குளிர்ந்தால், திசுக்களில் எஞ்சிய பாசிகள் பெருகி, சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் நிறம் திரும்பும். குளிராவிட்டால் தோல் உரிந்து போகும். வெற்றுக் கூட்டின் மீது இழைப்பாசி படரத் தொடங்கியதும் வெண்மையும் மறைந்து, பார்ப்பதற்குப் பழுப்பாகிவிடும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு நிறம் திரும்பிவிட்டது என்று தோன்றக்கூடும். உண்மையில் அதுதான் சாவு.

எல்லாப் பவளமும் ஒரே அளவு தாங்குவதில்லை. மான்கொம்புபோல் கிளைவிடும் அக்ரோபோராவின் திசு மெல்லியது. மான்டிபோரா, போசிலோபோரா ஆகியவையும் எளிதில் மடிபவை. குண்டுக்கல் வடிவில் வளரும் போரைட்டஸின் திசு தடித்தது, கூட்டுக்குள் ஆழமாக இறங்கியிருப்பது. ஆகவே அது வெளிறினாலும் பெரும்பாலும் பிழைக்கிறது. ஒரு பகுதி செத்தாலும் எஞ்சிய பகுதி மெல்லப் படர்ந்து இழந்த இடத்தை மூடுவதுண்டு. ஆனால் அக்ரோபோரா ஆண்டுக்குப் பல செ.மீ. வளரும். போரைட்டஸ் ஏறத்தாழ ஒரு செ.மீ. வளர்ந்தாலே அதிகம். வேகமாக வளர்வது சீக்கிரம் சாகிறது, மெதுவாக வளர்வது நின்று பிழைக்கிறது.

உள்ளே குடியிருக்கும் பாசியின் வகையும் முக்கியம். வெப்பத்தைத் தாங்கும் பாசி வகைகள் உண்டு. அவற்றை வைத்திருக்கும் பவளம் வெளிறலில் தப்பினாலும், பொதுவாக அவை உணவைக் குறைவாகத் தருவதால் வளர்ச்சி மந்தமாகிறது.

அறிவியல் கண்டறிந்த வழி

வெப்பம் கூடினால் பவளம் நிறமிழக்கும் என்பது நூறாண்டுகளுக்கு முன்பே ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தது. அமெரிக்க உயிரியலாளர் ஆல்ஃபிரட் மேயர் ஃபுளோரிடா அருகே டார்ட்டுகஸ் தீவுகளில் பவளங்களின் வெப்பத் தாங்குதிறனைச் சோதித்து 1914ஆம் ஆண்டு வெளியிட்டார். 1928–29இல் ஆசுதிரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத்திட்டுக்குச் சென்ற பிரித்தானியக் குழுவின் தலைவர் யங், நிக்கல்ஸுடன் சேர்ந்து, வெப்பத்தால் பவளம் தன் பாசிகளை வெளியேற்றுவதை விளக்கினார். ஆனால் அது ஒரு தீவைச் சுற்றி நிகழும் உள்ளூர்ச் சேதியாகவே கருதப்பட்டது. 1982–83 எல் நினோ காலத்தில் கிழக்குப் பசிபிக்கில் பரந்த கடற்பரப்பு முழுவதும் பவளங்கள் வெளிறி மடிந்தபோதுதான், அது கடல் முழுவதையும் தாக்கக்கூடியது என்பது உறைத்தது.

தமிழகத்துக்கு இந்தத் துறையில் பலர் அறியாத ஓர் இடம் உண்டு. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடலுயிர்களையும் பற்றி எழுதினார். பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி அதே அருங்காட்சியகத்தின் கிரேவ்லி 1927இல் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் இரண்டு பதிற்றாண்டுகளுக்கு மேல் மண்டபம் முகாமைத் தலைமையகமாகக் கொண்டு இயங்கியது. 1969 சனவரியில் அங்கு நடந்த பவளப்பாறைக் கருத்தரங்கே உலகப் பவளப்பாறை மாநாடுகளின் வரிசையில் முதலாவதாக இன்றும் எண்ணப்படுகிறது. இந்நிலையத்தின் கோபிநாத பிள்ளை மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பவளங்களை ஒவ்வொன்றாக இனங்கண்டு 94 இனங்களைப் பட்டியலிட்டார். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பின்னர் அந்த எண்ணிக்கையை 117 ஆக உயர்த்தியது.

சுண்ணாம்புக் காலம்

வெப்பத்துக்கு முன்பே இந்தப் பாறைகளைக் கடப்பாரை தாக்கியது. சுண்ணாம்பு சுடவும், கட்டடக் கல்லாகவும், பின்னர் தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருளாகவும் பவளக்கல் பல பதிற்றாண்டுகள் வெட்டப்பட்டது. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர்களில் அந்தக் கற்களை இன்றும் காணலாம். வளைகுடாவின் ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் பாறைப்பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் அளவு கல்வெட்டாலும் பிற காரணங்களாலும் சீரழிந்துவிட்டதாகத் தூத்துக்குடி நிறுவனத்தின் கணக்கெடுப்பு கூறுகிறது. தீவுகளுக்குக் கடலடியில் அரணாக இருந்தது பாறை. அரண் போனதும் அலை தீவைத் தின்றது. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் நீருக்குள் மூழ்கிவிட்டன.

1986இல் இப்பகுதி கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமானது. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதாவது புலிக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு பவளத்துக்கும் கிடைத்தது. சட்டம் வந்த உடனே கல்வெட்டு நிற்கவில்லை. கல் எடுத்தவர்களில் பலர் மீன்பாடு இல்லாத நாளில் வேறு பிழைப்பற்ற கரையோர மக்கள். 2004 சுனாமிக்குப் பின் கரையூர்களில் ஏற்பட்ட அச்சமும் விழிப்பும் கண்காணிப்பும் சேர்ந்தே 2005 வாக்கில் அதை முடிவுக்குக் கொண்டுவந்தன.

நான்கு கோடைகள்

மதுரைச் சீமையில் அக்கினி நட்சத்திரம் என்றும் கத்திரி வெயில் என்றும் சொல்லப்படும் மே மாத வெப்பம் கடலுக்கும் உண்டு. ஏப்ரல் முதல் சூன் வரை காற்று அடங்கி, நீர் தெளிந்து, ஆழம் குறைந்த பார்களின் மேல் வெயில் நேராக இறங்கும். வளைகுடாவின் பெரும்பாலான பவளங்கள் சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருப்பவை. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து நீரைக் கலக்கியபின்தான் சூடு தணியும். ஒவ்வொரு ஆண்டும் பவளம் பிழைப்பது அந்தக் காற்று வரும் நாளைப் பொறுத்தது.

1998 எல் நினோ ஆண்டில் ரோகன் ஆர்தர் இந்தியாவின் மூன்று பவளப் பகுதிகளில் ஒரே முறையில் ஆய்வு நடத்தினார். மன்னார் வளைகுடாவில் சராசரியாக 89 விழுக்காடும், இலட்சத்தீவில் 82 விழுக்காடும், கட்ச் வளைகுடாவில் 11 விழுக்காடும் வெளிறியிருந்தன. இறப்பு முறையே 23 விழுக்காடு, 26 விழுக்காடு, ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. மன்னாரில் இலட்சத்தீவைவிட அதிகம் வெளிறியும் குறைவாகவே மடிந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். வெளிறிய அளவை வைத்துச் சாவைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தியக் கடலில் இல்லை.

2005 முதல் தூத்துக்குடி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் கோடையில் நீருக்குள் இறங்கிக் கணக்கெடுத்தனர். ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு பவளங்கள் கோடையில் வெளிறுவதும், சில மாதங்களில் நிறம் திரும்புவதும் பெரும்பாலான ஆண்டுகளில் வழக்கமாக இருந்தது. கல்வெட்டு நின்றுவிட்ட காலம் ஆகையால் உயிர்ப்பவளப் பரப்பும் வளர்ந்துவந்தது. 2005இல் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்த அது 2009இல் 43 விழுக்காட்டை எட்டியது.

2010 கோடை அதை 33 விழுக்காட்டுக்கு இறக்கியது. நான்கு ஆண்டு வளர்ச்சி ஒரே பருவத்தில் போனது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அது மெல்ல ஏறி 39 விழுக்காட்டை அடைந்தது. பழைய அளவை எட்டுமுன் 2016 வந்தது. நீரின் வெப்பம் 31 பாகையைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றது. அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா கூட்டங்கள் மிகுதியாக மடிந்தன. உயிர்ப்பரப்பு ஏறத்தாழ 23 விழுக்காடாகக் குறைந்தது.

விழுக்காடு எல்லாவற்றையும் சொல்வதில்லை. 2016க்குப் பிறகு எஞ்சியதில் குண்டுக்கல் வடிவப் பவளங்களின் பங்கு கூடியது. கிளைகளுக்கு இடையே சிறு மீன்களும் நண்டுகளும் ஒளிய இடம் இருக்கும். மொழுமொழுவென்ற போரைட்டஸ் குண்டில் அந்த இடம் இல்லை. இரண்டு பார்களில் உயிர்ப்பரப்பு ஒரே அளவாக இருந்தாலும் அவற்றை நம்பி வாழும் மீன்கள் ஒன்றாக இருக்கமாட்டா.

2024 ஏப்ரல் நடுவில் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா உலகின் நான்காவது பெருவெளிறலை அறிவித்தது. அதே கோடையில் மன்னார் வளைகுடாவிலும் பவளங்கள் வெளிறின. முதல் இரண்டு பெருவெளிறல்களுக்கு இடையே பன்னிரண்டு ஆண்டு இடைவெளி இருந்தது. அடுத்தது ஆறு, அதன்பின் எட்டு. அக்ரோபோராக் காடு ஒன்று அழிந்து மீண்டும் எழப் பத்தாண்டுக்கு மேல் ஆகலாம் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த இடைவெளிகள் போதாதவை.

வெப்பம் அல்லாத சாவு

வெப்பம் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டவும் இயலாது. 2019 செப்டம்பரில் மண்டபம் கரையோரம் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. நீரில் கரைந்த ஆக்சிசன் மிகவும் குறைந்ததால் சிங்கில் தீவை அடுத்த அக்ரோபோரா முதலிய விரைவில் வளரும் பவளங்கள் மடிந்தன. அது கோடையே அல்ல. இன்னொரு தாக்குதல் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்ற அயல் கடற்பாசி. வளர்ப்புக் கட்டுமரங்களிலிருந்து தப்பிய அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மேல் போர்வையாகப் படர்ந்ததை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டனர். பாசியின் கீழ் ஒளி இழந்த பவளம் மெல்லச் செத்தது.

திருமங்கலத்து ஆற்றுக்கும் இதில் சிறு பங்கு உண்டு. கடல் கொதிக்கும் மே மாதத்தில் குண்டாறு வறண்டிருக்கும். எனவே வெளிறலுக்கு அது காரணம் அல்ல. வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்து வெள்ளம் கடல்வரை போகும் ஆண்டுகளில், வண்டலும் வயல் உரத்தின் எச்சமும் ஊர்க்கழிவும் உடன் போகும். இப்படி நிலத்திலிருந்து கடலுக்கு இறங்கும் எந்த நீரும் செய்வது ஒன்றே: உரம் பாசியை வளர்க்கிறது, வண்டல் வெற்றுப் பாறையை மூடுகிறது. வெளிறலில் செத்த பவளத்தின் இடத்தைப் புதுப் பவளம் பிடிக்குமா, பாசி பிடிக்குமா என்ற போட்டியில் இது பாசியின் பக்கம் நிற்கிறது.

மீட்கும் முயற்சிகள்

தூத்துக்குடிப் பகுதியில் 2000களின் தொடக்கம் முதல் உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடிச் சட்டங்களில் நட்டு வளர்க்கும் பணி நடந்துவருகிறது. அலையால் தேய்ந்துவந்த வான் தீவின் முன் 2015க்குப் பின் செயற்கைப் பாறைக் கட்டைகள் இறக்கப்பட்டன. ஐதராபாதின் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2011 முதல் செயற்கைக்கோள் வெப்ப அளவைக் கொண்டு வெளிறல் எச்சரிக்கை வெளியிடுகிறது.

நட்டு வளர்ப்பதில் ஒரு முரண் உண்டு. சீக்கிரம் பலன் தெரிய அக்ரோபோரா வகைகளை நடுவது வழக்கம். அடுத்த கடும் கோடையில் முதலில் சாவதும் அவையே. வெளிறலில் தப்பிய கூட்டங்களிலிருந்து துண்டெடுத்து நட்டால் வாய்ப்புக் கூடும் என்ற கருத்து உலகின் பல இடங்களில் சோதிக்கப்படுகிறது. வான் தீவுக் கட்டைகள் வேறு வகை. அவை அலையைத் தடுக்கின்றன, மீனுக்கு இடம் தருகின்றன, பவளம் தானாக வந்து ஒட்டினால் ஏற்றுக்கொள்கின்றன.

தானாக வருவது எப்படி என்றால், தூத்துக்குடிக் கடலில் அக்ரோபோராக்கள் மார்ச் மாதத்தில் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் முட்டையும் விந்தும் கலந்த சிறு உருண்டைகளை ஒரே நேரத்தில் நீரில் விடுகின்றன. அவை மேலே மிதந்து, கருவுற்று, சில நாள் நீரோட்டத்தில் அலைந்து, பாசி மூடாத, வண்டல் படியாத கெட்டியான இடம் கிடைத்தால் இறங்கி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டி இரண்டு மாதம் ஆவதற்குள், குண்டூசித் தலை அளவே உள்ள அந்தப் பாலிப்புகளின்மேல் கத்திரி வெயில் தொடங்குகிறது.